மலையில் மெழுகு, தோளில் கம்பளி

நனையாத துணி – வரலாற்றுத் தொடர், பகுதி 7

முன்கதை: ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழையங்கி செய்தார், 1823-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த அங்கி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது. ரப்பர் ஒரு பாதையில் போய்க்கொண்டிருக்க, எண்ணெயும் மெழுகும் இன்னொரு பாதையில் போயின. அந்தப் பாதை பழனி மலைக்கு வந்தபோது நடந்தது இந்த வாரக் கதை.

மேல்மலை மழை

கூக்கால், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேல்மலைக் கிராமம். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் சரிவெல்லாம் படிப்படியான வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று குளிருக்கு ஏற்ற பயிர்கள். ஊரை ஒட்டி ஏரி, அதற்கு அப்பால் சோலைக்காடு. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரம்.

இந்த மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவம் சாரலும் மூடுபனியுமாக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். கொடைக்கானலின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர்.

மழையின் அளவைவிட அது பெய்யும் விதம்தான் இங்கே முக்கியம். மதுரையில் நனைந்தவருக்கு மழை விட்ட அரை மணி நேரத்தில் சட்டை காய்ந்துவிடும். மேல்மலையில் காற்றும் மூடுபனியும் சேர்ந்து நாள் முழுதும் நசநசக்கும். வெயில் முகம் காட்டாது. ஈரப் பருத்தித்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பூண்டுக்குக் களை எடுப்பவரும் மூட்டை சுமப்பவரும் விறைத்துப்போவது அப்படித்தான்.

எனவே மலையில் மேலாடைக்கு இரண்டு வேலை. தண்ணீரை உள்ளே விடக் கூடாது. உடம்புச் சூட்டை வெளியே விடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்யும் துணி எளிதில் கிடைப்பதில்லை. எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பது என்பதில்தான் துரைமாரின் வழியும் மலைக்காரர்களின் வழியும் பிரிந்தன.

கம்பளி

மலைக்காரர்களும் சுமை தூக்குவோரும் கம்பளியைத் தேர்ந்தார்கள்.

தக்காணத்துக் குறும்பர்கள் செம்மறியாட்டு மயிரில் நெய்த முரட்டுக் கம்பளி, தென்னிந்திய மலைகள் எங்கும் பரவிய பண்டம். நீலகிரியிலும் மூணாறிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் அதுவே உழைப்பாளியின் மழைக்கவசம். தலையிலிருந்து முதுகுவழியாக முழங்கால்வரை தொங்கும். இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் மேலங்கி, இரவில் விரித்தால் படுக்கை, இழுத்து மூடினால் போர்வை.

அது தண்ணீரைத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. ஆட்டின் தோல் சுரக்கும் மெழுகுபோன்ற ஒரு கொழுப்பு மயிரில் படிந்திருக்கும். லானோலின் என்று மருந்துக் களிம்புகளில் சேர்ப்பது அதைத்தான். ஆலையில் சோடாவும் சோப்பும் போட்டுக் கழுவிய நூலில் அது போய்விடும். கையால் நூற்ற முரட்டு நூலில் ஓரளவு தங்கிவிடும். நெய்த பிறகு புளியங்கொட்டைக் கஞ்சி போடுவதால் கம்பளி விறைத்து, இழைகளின் இடைவெளியும் அடைபடும். சாரல் அதன் மேல் முத்து முத்தாக நின்று, உதறினால் உதிரும்.

பெருமழைக்கு அது தாங்காது. ஊறிவிட்டால் கனம் தோளை அழுத்தும். ஆனாலும் நனைந்த கம்பளி, நனைந்த பருத்தியைப்போல் உடம்பைக் குளிரவிடாது. ஆட்டு மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் கைக்கு அவ்வளவாக ஈரம் தட்டாது. குளிர்தான் முதல் எதிரி என்று உணர்ந்தவர்களின் தேர்வு இது. சரியான தேர்வு.

கூக்காலுக்கு அருகிலுள்ள மன்னவனூரில் 1965-ல் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் அமைந்தது. ஆட்டு மயிருக்கும் இந்த மலைக்கும் உள்ள பொருத்தத்துக்கு அதுவே சான்று.

சாக்கு

கம்பளிக்குக் காசு வேண்டும். அது இல்லாதவருக்குச் சாக்கு.

சாக்குக் கொங்காணி போடுவதற்குத் தையலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். காலிச் சாக்கை எடுத்து, அடிப்பக்கத்தின் ஒரு மூலையை உட்பக்கமாகத் தள்ளி மறு மூலைக்குள் செருகினால் கூம்பாக ஒரு தலைமூடி வரும். அதைத் தலையில் கவிழ்த்தால் மிச்சச் சாக்கு முதுகை மூடித் தொங்கும். கை இரண்டும் வேலைக்கு விடுபட்டிருக்கும். நாற்று நடுபவருக்கும் களை எடுப்பவருக்கும் குடை உதவாது, கொங்காணி உதவும்.

கொங்காணியைப் பார்ப்பவருக்கு அது ஆதிகாலத்து வழக்கமாகத் தோன்றும். ஓலையாலும் இலையாலும் முடைந்த மழைமறைப்புகள் பழமையானவைதான். சணல்சாக்கு அவ்வளவு பழையதில்லை. கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ரிஷ்ராவில் 1855-ல் ஜார்ஜ் ஆக்லண்ட் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலையைத் தொடங்கினார். அதன் பிறகு ஆற்றின் இரு கரையிலும் ஆலைகள் முளைத்தன. நெல், அரிசி, சர்க்கரை, உரம் எல்லாம் சாக்கில் ஏறின. காலிச் சாக்கு ஊருக்கு ஊர் மலிந்தது. உழவரின் தலைமேல் அது ஏறியது அந்த மலிவினால்தான்.

ரிஷ்ரா என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அந்த ஊர் இன்னொரு முறையும் வரும்.

தேனெடுத்த கை

துணியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பொருள் வெளியூரிலிருந்து வரவேண்டிய நிலை பழனி மலைக்கு இருந்ததா? இல்லை. மெழுகு மலையிலேயே இருந்தது.

பழனி மலைச் சரிவுகளில் வாழும் பளியர்கள் தேனெடுப்பதில் தேர்ந்தவர்கள். பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேனீயின் அடையைப் புகைமூட்டி, கொடியேணியில் இறங்கி அறுப்பார்கள். மழைக்கு அவர்கள் ஒதுங்கியது பாறைப் புடைவுகளிலும் இலைக் குடில்களிலும். சேசுசபைப் பாதிரியார் டாஹ்மன் 1908-ல் பழனி மலைப் பளியர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர்கள் வாழ்வைப் பதிவு செய்த தொடக்ககால எழுத்துகளில் ஒன்று.

தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சும் அடையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். துணியில் வடிகட்டி ஆறவிட்டால் பாத்திரத்தின் மேல் மஞ்சள் வட்டாக உறையும். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். கையில் வைத்துப் பிசைந்தாலே இளகும். தண்ணீரில் கரையவே கரையாது.

இந்த மெழுகு மலையில் தங்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் காடு அரசின் உடைமையானது. தேனும் மெழுகும் கடுக்காயும் குத்தகைக்குப் போயின. எடுத்தவர் கைக்குக் கூலி, குத்தகைதாரர் கைக்குப் பண்டம் என்றாயிற்று. மெழுகு கீழே இறங்கியது.

கீழே அதற்குப் பல வாய்கள் காத்திருந்தன. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித்தான் வார்ப்புச் சிலைகளுக்குக் கரு உருவாக்குகிறார்கள். கத்தோலிக்க ஆலயப் பீடத்தில் எரியும் மெழுகுவர்த்திக்குத் தேன்மெழுகு வேண்டும் என்பது திருச்சபையின் மரபு. தாயத்தின் வாயை அடைக்கவும் மெழுகோ அரக்கோ தேவைப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சோழமண்டலக் கரையின் துணி ஓவியர்கள் இருந்தார்கள்.

சோழமண்டலக் கரை அறிந்த ரகசியம்

துணியில் மெழுகு ஏற்றினால் தண்ணீர் நுழையாது என்பதை ஐரோப்பியரிடமிருந்து தமிழ்நாடு கற்கவில்லை. நாகப்பட்டினம், புதுச்சேரி, மசூலிப்பட்டினம் என நீண்ட கரையில், அதை வைத்தே ஒரு பெருந்தொழில் நடந்தது.

அந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் பிரெஞ்சு சேசுசபைப் பாதிரியார் கேர்து. 1742-ல் அவர் எழுதிய கடிதம், ஐரோப்பா பொறாமையோடு தேடிய சாயத்தொழில் நுணுக்கங்களைப் படிப்படியாகச் சொல்லிவிட்டது. அதில் ஒரு படி மெழுகு.

பூவும் கொடியும் வரைந்த துணியில் நீலம் ஏற வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடம் முழுவதும் உருகிய மெழுகு பூசப்படும். பிறகு துணியை வெயிலில் இடுவார்கள். வெயிலின் சூட்டில் மெழுகு இளகி மறுபக்கம் வரை இறங்கும். அதன் பிறகே துணி அவுரித் தொட்டிக்குள் போகும். மெழுகுள்ள இடத்தில் ஒரு துளி நீலமும் ஏறாது. கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகைப் பிரித்தெடுப்பார்கள்.

இங்கே நடப்பதும் மழையங்கியில் நடப்பதும் ஒன்றே. பருத்தி இழைக்குத் தண்ணீர் பிடிக்கும். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகளில் தண்ணீர் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது அப்படித்தான். இழையின்மேல் மெழுகு படிந்துவிட்டால் தண்ணீருக்குப் பிடிமானம் இல்லை. துளி தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு உருண்டு நிற்கும்; சாய்த்தால் ஓடிவிடும்.

பஞ்சுக்கே பிறவியில் சிறிது மெழுகு உண்டு என்பது பலருக்கும் தெரியாத செய்தி. எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தறியிலிருந்து அறுத்த கோடித்துணியில் தண்ணீர் ஊற்றினால் உடனே ஊறாமல் திரண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தால் அந்த மெழுகு போய்விடும். பிறகு துணி தண்ணீரைக் குடிக்கும். வண்ணாரும் சாயக்காரரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த கைவேலை இது.

ஆக, மலையில் மெழுகு இருந்தது. சமவெளியில் நல்ல பருத்தித்துணி இருந்தது. கரையில் கைத்திறன் இருந்தது. மூன்றும் சேர்ந்து ஒரு மழையங்கி ஆகவில்லை. கரையில் மெழுகு துணிக்கு வந்ததே, வேலை முடிந்ததும் போவதற்காகத்தான். அதைத் துணியிலேயே விட்டுவைத்து உடுத்துவதற்குத் தஞ்சாவூர் வெயிலில் யாருக்கும் தேவை இல்லை. உடுத்தினாலும் வெயிலில் இளகி உடம்பில் ஒட்டும். தேவை இருந்த ஊர் மேல்மலை. அங்கே அந்தக் கைத்திறன் போய்ச் சேரவில்லை.

பாய்மரத்திலிருந்து முதுகுக்கு

கடலோடிகள் அந்த இடத்துக்கு வேறு வழியாக வந்தார்கள்.

ஈரமான பாய்மரத் துணி காற்றை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கனக்கும். அதனால் ஸ்காட்லாந்து மாலுமிகள் பாயில் மீன் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் பூசினார்கள். கிழிந்த பாயைத் தூக்கி எறியாமல் வெட்டித் தைத்து மேலங்கியாக்கிக் கொண்டார்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகி மஞ்சளாகும். மீனவர்களின் மழைச்சட்டை இன்றும் மஞ்சளாக இருப்பதன் தொடக்கம் அங்கேதான்.

எண்ணெய்த் துணி குளிரில் விறைத்து மடிப்பில் வெடித்தது. இந்த நிலையில்தான் பாரஃபின் மெழுகு வந்து சேர்ந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ரைகன்பாக் 1830-ல் அதைப் பிரித்தெடுத்தார். பின்னர் பாறை எண்ணெய்க் கிணறுகள் பெருகியதும் அது மலிந்தது. அசாமின் டிக்பாயில் 1901-ல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கி, இந்திய மண்ணின் எண்ணெயிலிருந்தே மெழுகு கிடைத்தது.

1894-ல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் ஜான் பார்பர் கடை திறந்து, மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் எண்ணெய்த் துணி மேலங்கி விற்றார். 1908-ல் அக்கடை விலைப்பட்டியல் அச்சிட்டது. தொலைதூர நாடுகளிலிருந்தும் தபாலில் ஆர்டர்கள் வந்தன. 1930-களில் பாரஃபின் ஏற்றிய பருத்தித்துணி நிலைபெற்றது. மோட்டார் சைக்கிள்காரர்கள், வேட்டைக்காரர்கள், பண்ணையாளர்கள் எல்லோரும் அதற்கு மாறினார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். கொடைக்கானல் மலையில் 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் தன் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது. 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. முதலாம் உலகப்போர் காலத்தில் வண்டிச்சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து மேலே போவதெல்லாம் ஆட்களின் தலையிலும் தோளிலும் பொதிக்குதிரை முதுகிலும்தான் போனது. டோலியில் உட்கார்ந்தவர் மழையங்கிக்குள் இருந்தார். டோலியைத் தூக்கியவர் கம்பளிக்குள் இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரே மழை, ஒரே பாதை, இரண்டு மேலாடைகள். வசதி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அது மட்டுமே காரணமா?

மெழுகு ஏறும் விதம்

விடை தெரிய, மெழுகுத்துணி எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அடர்த்தியாக நெய்த கித்தானோ இரட்டோ எடுத்துக்கொள்வார்கள். தேன்மெழுகும் பாரஃபினும் கலந்து கட்டியாக வார்த்திருப்பார்கள். தேன்மெழுகு அதிகமானால் துணி நெகிழ்ந்து கொடுக்கும், ஆனால் பிசுக்கும். பாரஃபின் அதிகமானால் பிசுக்காது, விலையும் குறைவு. குளிரில் மடிப்பு வெடிக்கும். ஊருக்கு ஊர் கலவை மாறும். குளிர்நாட்டுக்கு ஒன்று, வெப்பநாட்டுக்கு ஒன்று.

கட்டியைத் துணிமேல் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் படலமாகப் படியும். அதன்மேல் மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை மெல்ல நகர்த்தினால் வெண்மை மறைந்து, துணி ஒரு நிறம் கருத்து, மெழுகு உள்ளே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தையல் வாய்க்கும் தோள்பட்டைக்கும் இரண்டாம் முறை வேண்டும். மழை முதலில் புகுவது அங்கேதான். ஆறிய பிறகு துணியை மடித்தால் மடிப்பில் வெளிறிய கோடு விழும். சூடு காட்டினால் மறையும்.

பராமரிப்பும் கடினம். சோப்புப் போடக் கூடாது. வெந்நீரில் இறக்கக் கூடாது. சேற்றைக் குளிர்ந்த நீரில் துடைத்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மெழுகு ஏற்ற வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கலந்திருந்தால் இன்னொரு ஆபத்து: எண்ணெய் துடைத்த கந்தையைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும்.

இப்போது அந்தச் சுமைகாரரின் உடம்பை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். செங்குத்தான பாதையில் மூட்டையோடு ஏறுபவருக்கு மழையிலும் வேர்க்கும். இடைவெளியெல்லாம் மெழுகு அடைத்த துணி வெளித்தண்ணீரைத் தடுப்பதுபோலவே உள்வேர்வையையும் வெளியே விடாது. வேர்வையில் நனைந்து, பாதையோரம் நின்றதும் குளிரில் நடுங்குவார். கம்பளி வேர்வையை வாங்கிக் காற்றில் விடும்.

இரவு வந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. நனைந்த கம்பளியை அடுப்பங்கரையில் தொங்கவிட்டுக் காயவைத்து அதையே போர்த்திக்கொள்ளலாம். மெழுகங்கியை அடுப்பருகே கொண்டுபோக முடியாது. அது போர்வையும் ஆகாது. ஒரே ஒரு மேலாடைக்குத்தான் வழி உண்டு என்னும் குடும்பத்தில் அந்த ஒன்று கம்பளியாக இருப்பதே அறிவு. துரை தன் மெழுகங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, உலர்ந்த கம்பளிப் போர்வைக்குள் போக முடிந்தது. மெழுகுத்துணி இரண்டாவது மேலாடை. முதலாவது இருப்பவருக்கே அது பயன்படும்.

மலைக்காரர்கள் மெழுகின் அருமை தெரியாமல் இருந்துவிட்டார்கள் என்று யாரேனும் எழுதினால் அது தவறு. அவர்கள் கணக்குச் சரி. தவறு வேறு இடத்தில் இருந்தது: இரண்டாவது மேலாடைக்கு அவர்கள் கூலி ஒருபோதும் எட்டவில்லை.

கூடாரமும் பூஞ்சணமும்

உடைக்கு வராத மெழுகும் எண்ணெயும் சுமைக்கும் கூடாரத்துக்கும் வந்தன. பொதிமூட்டையின்மேல் போர்த்திய தார்ப்பாய், நில அளவையாளரின் கூடாரம், வனத்துறை முகாம் எல்லாம் கித்தான். லெப்டினன்ட் வார்டு 1821-ல் பழனி மலையை அளந்த நாள் முதல், மலையில் தங்கி வேலை செய்த ஒவ்வொரு அதிகாரிக்கும் துணிக்கூரைதான் அலுவலகம்.

மலை மழையில் கித்தானுக்குத் தண்ணீரைவிடப் பெரிய பகை பூஞ்சணம். ஈரத்தோடு சுருட்டிய கூடாரம் சில நாளில் கரும்புள்ளி விழுந்து, இழை இற்று, விரல் பட்டால் கிழியும். மெழுகு ஈரத்தைத் தள்ளுமே தவிரப் பூஞ்சணத்தைக் கொல்லாது. இதற்கு இங்கிலாந்தின் வில்ஸ்டன் ஆலை தாமிரமும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் துணியை நனைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தாமிரம் பூஞ்சணத்தை அண்டவிடாது. துணிக்கும் பச்சை நிறம் கொடுக்கும். பயணக் கூடாரங்கள் பச்சையாக மாறியதில் இந்தத் தாமிரத்துக்கும் பங்குண்டு.

இரண்டு உலகப்போர்களும் இந்தத் தொழிலை இந்தியாவுக்குள் இழுத்து வந்தன. கான்பூர் ஆலைகள் கூடாரம் தைத்தன. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் படைக்குக் காக்கித்துணி நெய்து தள்ளின. கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனம், டக்பேக் என்ற பெயரில் ரப்பர் மழையங்கியை நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. குச்சி நன்றாக எரிய அதைப் பாரஃபினில் தோய்த்தார்கள். பழனி மலைக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் மெழுகு டன் கணக்கில் வந்து இறங்கியது. அதில் ஒரு கட்டிகூட மழையங்கிக்காக மலை ஏறவில்லை.

சட்டத்தில் ஏறிய மழை

திருப்பம் வந்தது ஆலையிலிருந்தல்ல, நாடாளுமன்றத்திலிருந்து.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 1954 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடு, மருத்துவம், பள்ளி, வேலைநேரம் என்று பலவற்றைச் சொன்ன அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு மழையைப் பற்றியது. தொழிலாளர்களை மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என்று விதி வகுக்க அந்தப் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது.

நனையாமல் வேலை செய்வது, தோட்டக்காரரின் தயவாக இருந்த நிலை மாறி, தொழிலாளியின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது அப்போதுதான். நூறாண்டு காலம் கம்பளியின் விலையைக் கூலியில் பிடித்த தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு பிரிவின் எடை புரியும்.

ஆனால் அந்த உரிமைக்கு வேலி இருந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா பயிரிடும், 25 ஏக்கருக்குக் குறையாத, 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கே அன்று சட்டம் பொருந்தியது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பெரியவை அந்த வேலிக்குள் வந்தன. கூக்காலின் பூண்டு வயலும் உருளைக்கிழங்கு வயலும் வரவில்லை. சொந்த நிலத்தில் சொந்த உழைப்பு, அல்லது அன்றாடக் கூலி. அவர்களுக்கு மழையங்கி தர வேண்டிய முதலாளி என்று சட்டத்தின் கண்ணில் யாருமே இல்லை.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மேல்மலைக் குண்டுப்பட்டியில் அவர்கள் குடியிருப்பு உண்டு. தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத்துணி என்று தேயிலை மலையில் நனைந்து பழகியவர்கள், இங்கே சீகை மரம் வெட்டும் வேலைக்கு வந்தபோதும் அந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள்.

மறுபடி 1950-களின் இறுதிக்கு வருவோம். அப்போது நிலைமை இதுதான். மேல்மலை வயலில் கம்பளியும் சாக்கும். தோட்டத்தில் சட்டம் தந்த கம்பளி. அதிகாரியின் தோளில் ரப்பர் அங்கியோ மெழுகங்கியோ. ஒவ்வொருவர் மேலாடையும் அவரவர் கூலியைச் சொல்லிவிடும்.

அப்போது ரிஷ்ராவிலிருந்து மறுபடியும் ஒரு செய்தி வந்தது. சணல் ஆலை தொடங்கி 104 ஆண்டுகள் கழிந்து, 1959-ல் அதே ஊரில் ஆல்கலி அண்ட் கெமிக்கல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகப் பாலித்தீன் தயாரிக்கத் தொடங்கியது. மெழுகைப் போலவே கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். ஆனால் துணியே தேவைப்படாமல் தானே தாளாக நின்றது. தைக்க வேண்டாம், மெழுகேற்ற வேண்டாம், கிழிந்தால் தூக்கி எறியலாம்.

சாக்கைத் தந்த ஊரே சாக்கை விரட்டும் பொருளையும் தந்தது. அந்தத் தாள் மலைப்பாதை ஏறிக் கூக்கால் வயலுக்கு எப்படி வந்து சேர்ந்தது? நூற்றாண்டுக் கணக்கில் நின்ற கம்பளியை எப்படி வீழ்த்தியது? வேர்வையை வெளியே விடாத குறை மெழுகுத்துணியைவிட அதற்குக் கூடுதலாயிற்றே, மலைக்காரர்கள் இந்த முறை ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

(அடுத்த வாரம்)